எங்கள் வீட்டுச் சாக்கடை டாக்டர்

என் நாத்தனார் உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரும் கையுமாகச் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் எங்கள் குடியிருப்பின் பின்புறம் தெரியும். அங்கே தரைக்கடியில் அவளுடைய தொட்டிகள் இருக்கின்றன. மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கு வரிசையாக இரும்பு மூடிகள்தான் தெரியும். இரும்பு மூடி எங்கே எழுந்து ஓடிவிடப் போகிறது? ஆனாலும் பார்ப்பாள்.

"என்னடி, மூடி முட்டை போட்டுச்சா?" என்று கேட்பேன்.

"உங்களுக்கு எல்லாம் கேலிதான் அண்ணி."

"கேலி இல்லடி. போட்டா சொல்லு, அடுப்புல கல்லை வைக்கிறேன்."

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. படித்தது முழுக்கத் தண்ணீர். அதுவும் நல்ல தண்ணீர் இல்லை, அழுக்குத் தண்ணீர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டம் என்று ஒன்று வரும், இவளை எடுப்பார்கள். திட்டம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அடுத்த திட்டம், அடுத்த ஊர், அடுத்த வாடகை அறை. ஒரு மாணவர் விடுதியில் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரைச் சுத்தம் பண்ணித் தோட்டத்துக்கு விட்டாள். இவள் கிளம்பிய கொஞ்ச நாளில் மோட்டார் கெட்டது. யாரும் சரிபண்ணவில்லை. அந்தத் தொட்டியில் இப்போது உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருக்கிறார்களாம். ஒரு சலவைக்கூடத்தில் இவள் போட்ட குழாயைப் பிடுங்கித் துணி காயப்போடும் கம்பியாக்கிவிட்டார்கள். போன இடமெல்லாம் இப்படித்தான். அவளுடைய அலமாரியில் வழவழப்பான அட்டை போட்ட ஆராய்ச்சி அறிக்கைகள் இருக்கின்றன. தண்ணீர் ஓடுகிற குழாய் உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

"ஒரே ஒரு தடவை அண்ணி. நான் போட்ட குழாய் நான் போன பிறகும் ஓடணும். அது போதும் எனக்கு" என்றாள் ஒருநாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் பெரிய வசனம் என்று சிரித்திருப்பேன். இவள் பல் தேய்த்துக்கொண்டே, வாயெல்லாம் நுரையோடு சொன்னாள். சிரிப்பு வரவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அடுத்த திட்டத்துக்கு எங்கள் குடியிருப்பையே தேர்ந்தெடுத்தார்கள். முன் கட்டடம், நடுக் கட்டடம், பின் கட்டடம் என்று மூன்று. வெயில் காலத்தில் தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு அடித்துக்கொள்கிற ஜனம். நாங்கள் இருப்பது பின் கட்டடம். என் கணவர், "இத்தனை இடம் இருக்க, நம்ம வாசல்லயேவா கடை போடணும்?" என்று தங்கையிடம் முனகினார். என் மாமியாருக்கோ தலைகால் புரியவில்லை. ஊர் ஊராகச் சுற்றிய பெண் இனி வீட்டில் இருந்து வேலைக்குப் போவாள் அல்லவா.

ஏற்பாடு இதுதான். குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீர் மட்டும் தனிக் குழாயில் பின்புறம் போகும். முதல் தொட்டியில் முடியும் நூலும் தங்கிவிடும். இரண்டாவது தொட்டிதான் உயிர். அதில் மோட்டார் வைத்துக் காற்று ஊதிக்கொண்டே இருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் அங்கே குடும்பம் நடத்தி, நம் சோப்பையும் அழுக்கையும் தின்றுவிடும். அப்புறம் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, மொட்டை மாடிக்கு ஏற்றினால் கக்கூசுக்கும் செடிகளுக்கும் ஆகும். நல்ல தண்ணீர் அந்த அளவுக்கு மிச்சம்.

தொடக்கக் கூட்டத்தில் இவள் எழுந்து பேசினாள். "எல்லார் வீட்டுத் தண்ணியும் ஒண்ணாக் கலந்து எல்லார் வீட்டுக்கும்தான் திரும்ப வரும். நீங்க எப்படி அனுப்புறீங்களோ, அப்படித்தான் உங்களுக்கு வரும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். இவளும் சந்தோஷமாக உட்கார்ந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கித் தொலைத்திருக்கலாம் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. தினமும் காலையில் குளித்துவிட்டுக் கீழே போவாள். மூடியைத் திறப்பாள், கம்பியில் கட்டிய குவளையால் பழுப்புத் தண்ணீரை மொண்டு மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவாள். சீசாவில் நிரப்பிக்கொண்டு ஆபீஸ் போவாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் போவார்கள். நடுக் கட்டடத்துத் தையல்காரம்மாதான் "சாக்கடை டாக்டர்" என்று பேர் வைத்தது.

"என்ன டாக்டர், நோயாளி எப்படி இருக்கு?"

"நல்லா சாப்பிடுது அக்கா. மண் வாசனை வருது. அப்படி வந்தா ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்."

"எங்களுக்கு வாசனை பாத்துச் சொல்ல ஆளில்லையே!"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில்தான் நாற்றம் கிளம்பியது. முதலில் கக்கூசில் வருகிற தண்ணீர் கலங்கியது. பிறகு தொட்டி மேல் வெள்ளையாக நுரை கட்டியது. அப்புறம் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சன்னலைச் சாத்த வேண்டும், மற்றக் கட்டடங்கள் பக்கம் திரும்பினால் அவர்கள் சாத்துவார்கள். மண் வாசனை போய் அழுகின முட்டை வாசனை வந்தது. படிக்கட்டில் என்னைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தொட்டி என்ன என் வயிற்றுக்குள்ளா இருக்கிறது? ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன்.

இவள் பாடுதான் பாவம். கால் தரையில் பாவவில்லை. காலையில் ஒரு சீசா என்பது போய் ஒவ்வொரு தொட்டியிலும் சீசா சீசாவாக எடுத்தாள். திட்டத்துப் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"மோட்டார் பத்தலைன்னு நினைக்கிறேன். மாத்திப் பாரும்மா" என்றார் அவர்.

மாற்றினாள். நாற்றம் அப்படியே இருந்தது. காற்றுக் குழாய்களை வெளியே எடுத்துத் தேய்த்தாள். இன்னும் கூடியது. மணலை அள்ளிக் கழுவிப் போட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது; பாதியில் எழுந்து பால்கனிக்கு ஓடுவாள்.

"சாப்புடுற நேரத்துல அதைப் போய்ப் பாக்கணுமா? இவ நடக்குறதைப் பாத்துப் பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்பார் அண்ணன்காரர்.

"நீ பேசாதே அண்ணா. உள்ள எல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. ஏன் சாகுதுன்னே தெரியல."

"கிருமி செத்தா நல்லதுதானே?"

தங்கை முறைத்த முறைப்பில் அவர் தட்டோடு கூடத்துக்குப் போய்விட்டார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், ஆனால் யார் கடைசியாகக் கத்தினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். அன்றைக்குத் தையல்காரம்மா கத்தியிருந்தது.

"தப்பா நினைக்காதேம்மா. ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறேன். அதுக்குள்ள சரியானா சரி. இல்லேன்னா குழாயை வெட்டிப் பழையபடி தெருச் சாக்கடையில விட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. பிளம்பரையும் வரச் சொல்லிட்டேன்."

"சார், காரணம் தெரியுற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க. வெட்டிட்டா மறுபடி யாரும் ஒட்டமாட்டாங்க."

"நான் பொறுப்பேன்மா. மூக்கு பொறுக்கலையே."

அவர் போன பிறகு இவள் அலமாரியைத் திறந்து அந்த அறிக்கைகளைப் பார்த்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். "இன்னொரு கட்டில் போடுற தொட்டி" என்றாள். யாரிடம் சொன்னாளோ.

கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆபீசில் இருப்புக்கொள்ளாமல் நடுப்பகலில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த நேரத்தில் அவள் வீடு வந்ததே கிடையாது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவக் குளியலறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, என்ன பண்றே?"

என் மாமியாரின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "குளியலறை கழுவுறேன்."

"தரை காஞ்சு கிடக்கு. ஓட்டைக்குள்ள நேரா ஊத்திக்கிட்டு இருக்கே."

நான் கத்தியை வைத்துவிட்டுப் போனேன். மாமியார் ஒரு கையில் பினாயில் பாட்டில், மறு கையில் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியோடு நின்றார். கையும் களவுமாகப் பிடிபட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பின்ன என்னடி? குடும்பமே குளிச்ச அழுக்கை அப்படியேவா அனுப்புறது? நீ கையை விட்டு அளையுற தண்ணி அது. மூக்குல வேற வச்சுப் பாக்குறே. எனக்கு வயிறு பத்திக்கிட்டு வருது. அதுவும் போக, இந்த வீட்டுத் தண்ணிதான் நாறுதுன்னு நாளைக்கு எவளாவது சொல்லிட்டா?"

"எத்தனை நாளா ஊத்துறே?"

"நீ கூட்டத்துல பேசினதுலேருந்துதான். எப்படி அனுப்புறோமோ அப்படித்தான் வரும்னு நீதானே சொன்னே? முதல்ல கொஞ்சமாதான் ஊத்தினேன். நாத்தம் ஜாஸ்தியாச்சா, நானும் ஜாஸ்தியாக்கினேன்."

"நீ மட்டுமா?"

"நல்லா கேட்டே! மேல் வீட்டுக்காரி என்னைவிட ரெண்டு மூடி கூடவே ஊத்துறா. எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவதான். முன் கட்டடத்துல ஒருத்தி கொதிக்கக் கொதிக்கச் சோடாவைக் கரைச்சு ஊத்துறாளாம். எவ வீட்டுல ஊத்தல?"

என் நாத்தனார் அப்படியே குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "கொன்னுட்டீங்களே எல்லாத்தையும்" என்றாள்.

மாமியாருக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, யாரைடி?"

"கிருமியை."

"அடிப் பைத்தியமே, கிருமியைக் கொல்லத்தானே ஊத்துறோம்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தோள் மட்டும் குலுங்கியது. பினாயில் செலவு ஏறிக்கொண்டே போனதை நானும் கவனிக்காமல் இல்லை. மாமியார் தானாகக் குளியலறை கழுவும்போது எந்த மருமகள் ஏன் என்று கேட்பாள்?

காலையில் எடுக்கிற சீசாவில் இது எப்படித் தெரியும்? எல்லோரும் ஊற்றியது நடுப்பகலில், குளியலெல்லாம் முடிந்து, இவள் ஆபீஸ் போன பிறகு. அதுவும் இவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே. ஊற்றுவது தெரிந்தால் தங்கள் வீட்டுத் தண்ணீர் அழுக்கு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. வீட்டுக்கு வீடு மானத்தைக் காப்பாற்றியதில் தொட்டி செத்தது. நாற்றம் கூடக் கூட, ஊற்றுகிற மூடியும் கூடியது.

காரணம் கிடைத்த பிறகாவது நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். நடை இன்னும் வேகமானது.

"இப்ப எப்படி அண்ணி சொல்றது? நீங்கதான் கொன்னீங்கன்னு சொன்னா, அங்கேயே பிளம்பர் கையில ரம்பத்தைக் குடுத்துடுவாங்க. சொல்லலேன்னாலும் வெட்டுவாங்க."

"உள்ளதைச் சொல்லிடு. பொறுக்கிறவங்க பொறுக்கட்டும்."

"சொல்லிக்கோ" என்றார் மாமியார். "என் பேரை மட்டும் இழுத்தே, நான் உனக்கு அம்மாவும் இல்ல, நீ எனக்குப் பொண்ணும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பிளம்பர் தூணில் சாய்ந்து நின்றார், பையில் ரம்பம். இவள் எழுந்தாள். கை சும்மா இல்லை, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

"தொட்டி சாகுறதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. தப்பு என்னோடது. எப்படி அனுப்புறீங்களோ அப்படி வரும்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தத் தொட்டிக்கு அழுக்குதான் வேணும். அதுதான் அதுக்குச் சாப்பாடு. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் விஷம். தயவுசெஞ்சு யாரும் அதை ஊத்தாதீங்க."

கூட்டம் உடனே பிடித்துக்கொண்டது.

"எங்க வீட்டுல யாரு ஊத்துறா? வெறும் சோப்புதான்."

"எங்க வீட்டுல அது வாங்குறதே இல்ல."

"தன்னால ஆகலேன்னதும் நம்ம தலையில கட்டுறா பாத்தியா!" இது தையல்காரம்மா. "டாக்டர், நோயாளி செத்தா சொந்தக்காரங்க மேல பழி போடுறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவள் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா பக்கம் மட்டும் திரும்பவேயில்லை; அவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றாள். செயலாளர் மெல்லப் பிளம்பரைப் பார்த்தார். பிளம்பர் தூணை விட்டு நிமிர்ந்தார்.

அப்போது என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் ஊத்தினேன்" என்றார் என் மாமியார். "தினமும் ஊத்தினேன். பெத்த பொண்ணு தொட்டியிலயே ஊத்தினேன். இப்ப என்ன? சுத்தமா இருக்கணும்னு செஞ்சது தப்பா? தப்புன்னா தப்பு. ஆனா நான் ஒருத்தி மட்டும் ஊத்தி அவ்வளவு பெரிய தொட்டி சாகாது." மேல் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார். "என்ன நான் சொல்றது?"

மேல் வீட்டுக்காரி அசடு வழிந்தாள். "கொஞ்சூண்டுதான்..."

"கொஞ்சூண்டா? எனக்கு அளவு சொல்லிக்குடுத்ததே நீதானேடி!"

அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். நானும் ஊற்றினேன், நான் வாரத்தில் சில நாள், நான் உன்னை மாதிரி மட்டமான சரக்கு ஊற்றவில்லை, விலை உயர்ந்ததுதான் ஊற்றினேன். யார் வீட்டுத் தண்ணீர் ரொம்பச் சுத்தமாகப் போனது என்பதிலேயே போட்டி வந்துவிட்டது. செயலாளர் கையை உயர்த்தி, "அமைதி, அமைதி" என்றார். அவர் மனைவி பின்வரிசையிலிருந்து, "நம்ம வீட்டுலயும்தாங்க" என்றார்.

"நீயுமா?"

"செயலாளர் வீட்டுத் தண்ணி அழுக்காப் போனா மரியாதையா இருக்குமா?"

பிளம்பர் மறுபடி தூணில் சாய்ந்துகொண்டார்.

அடுத்த கூட்டம் வரை யாரும் ஒரு சொட்டு ஊற்றுவதில்லை, அதற்குள் தொட்டி தேறினால் தொடரலாம் என்று செயலாளர் தீர்ப்புச் சொன்னார். தையல்காரம்மா மட்டும் உட்காரவில்லை.

"என் வீட்டு அழுக்கை நான் அழுக்காவே அனுப்பணும்னு சொல்ல இவ யாரு? நான் ஊத்தலைன்னு பொய் சொல்லமாட்டேன். ஊத்துறேன். இனியும் ஊத்துவேன். ஊர் பாக்க அழுக்கை அனுப்ப என்னால முடியாது. எங்க கட்டடத்தை வெட்டி விட்டுடுங்க."

நடுக் கட்டடத்தில் பாதிப் பேர் அவர் பின்னால் எழுந்தார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். பிளம்பர் அன்றைக்கே நடுக் கட்டடத்துக் குழாயை அறுத்துத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினார். இவள் கிட்டவே நின்று பார்த்தாள். ரம்பம் சறுக்கியபோது, "நேரா அறுங்க, பின்னால ஒட்டவேண்டி வரும்" என்றாள். பிளம்பர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மறுநாள் மாநகராட்சிக் கழிவுநீர் நிலையத்திலிருந்து கிருமிகள் உயிரோடு இருக்கிற சேறு வாங்கி, டிரம்மில் நிரப்பி, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பால் உறைய மோர் விடுவது மாதிரிதான் என்று மாமியாருக்கு விளக்கினாள். முன் வாசல் வழியாகத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. சன்னலுக்குச் சன்னல் தலை. தொட்டியில் கவிழ்த்தபோது அவள் கால் மேலெல்லாம் தெறித்தது, துடைக்கவேயில்லை.

காத்திருப்பதுதான் அவளுக்கு ஆகாத வேலை. வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "ஊத்தலையே?"

"இல்லம்மா. கை நடுங்குது, ஆனா ஊத்தல" என்றாள் மேல் வீட்டுக்காரி, சிகரெட் விட்டவனைப் போல.

மாமியார் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டு, தினமும் ஒருமுறை பரணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நுரை சட்டென்று போகவில்லை. ஒருநாள் குறைந்தது, மறுநாள் கூடியது. கூடிய அன்றைக்கு இவள் என்னிடம், "யாரோ ஊத்திட்டாங்க அண்ணி" என்று பல்லைக் கடித்தாள். யார் வீட்டுக்கோ விருந்தாளி வந்திருந்தார்கள். விவரம் தெரியாமல் குளியலறையைப் பளபளவென்று கழுவியிருக்கிறார்கள். அந்த விருந்தாளியையும் போய்ப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்தாள்.

பிறகு ஒரு காலையில் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஈரக் கையோடு போனேன். குவளையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் பின்வாங்கினேன். "மோந்து பாருங்க அண்ணி, சும்மா." மழை பெய்து ஓய்ந்த மண் மாதிரி இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை. "பரவாயில்ல" என்றேன்.

அடுத்த கூட்டத்தில் முன் கட்டடமும் பின் கட்டடமும் கை தூக்கின. திட்டம் முடிந்தாலும் மோட்டார் செலவைச் சங்கமே பார்த்துக்கொள்ளும். தினமும் மூடியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்றபோது, என் மாமியார் யாரையும் கேட்காமல் எழுந்து நின்றார். "நான் பாக்குறேன். எவ ஊத்தினாலும் எனக்குத் தெரிஞ்சுடும்" என்றார். யாருக்கும் மறுக்கத் துணிவில்லை. நடுக் கட்டடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

திட்டம் முடிந்தது. வேறு ஊரில் வேறு தொட்டி காத்திருந்தது. கிளம்புகிற நாளில் மாமியார் அழுதுகொண்டே அவளுக்குக் கட்டுச்சாப்பாடு எடுத்து வைத்தார். என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போய் வண்டியை நிறுத்தினார். நானும் இவளும் நடுக் கட்டடத்தைத் தாண்டும்போது, அறுத்துத் திருப்பிய குழாயிலிருந்து சோப்புத் தண்ணீர் சலசலவென்று தெருச் சாக்கடையில் விழுந்தது. இவள் நின்றுவிட்டாள்.

"நேரமாச்சுடி."

"ரெண்டு கட்டடம் ஓடுது அண்ணி. இதுவரைக்கும் ஒண்ணும் ஓடினதில்ல. எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கணும்."

"இரேன்."

"இது வீணாப் போகுதே."

மேலே சன்னலில் தையல்காரம்மாவின் தலை தெரிந்தது. வாயில் ஊசி, கையில் யாருடைய சட்டையோ.

"என்ன டாக்டர், சுத்தமாப் போகுதா?"

"ரொம்பச் சுத்தமாப் போகுது அக்கா. அதான் வயித்தெரிச்சல். அடுத்த தடவை வர்றப்ப நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்தம்மா சொன்னது: "வா, தாராளமா வா. என் தண்ணியை மட்டும் கேக்காதே."

என் கணவர் வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார். இவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, திருப்பம் வரும்வரை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு போனாள்.